பதிவில் உள்ள முகம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன், முழுசாக. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. மணிக்கட்டு வலி மட்டும் காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. உன் முட்டி எப்படி இருக்கிறது? மாமாவும் சின்னவளும் சுகம்தானே?

மேலே இருக்கும் முகவரி உனக்கு மட்டும். மாமாவிடம்கூடச் சொல்லாதே. அவர் நல்லவர்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது. கடிதங்களை நீ வேலை பார்க்கும் பல்செட் செய்கிற கூடத்துக்கே அனுப்புகிறேன், வீட்டுக்கு வேண்டாம். போன் வேண்டவே வேண்டாம். உன் போன் என் வீட்டுக்காரர் கடையில் வாங்கியது. அதில் என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறாரோ, யார் கண்டது? ஒன்பது வருஷம் போன் கடைக்காரரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், கேள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது. இனி என் வாழ்க்கையில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் மூட்டைகளைப் பிரித்து விரிப்பு தனி, துண்டு தனி, டாக்டர் உடுப்பு தனி என்று போட வேண்டும். டாக்டர்கள் பையில் எத்தனை பேனா, அக்கா! ஒரு வாரத்தில் ஒரு டப்பா சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா வாயைத் திறந்தால் திட்டுதான், ஆனால் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு ஈர மூட்டையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு குழப்பம். சேரும் முன்னால் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று ஆபீஸ் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண் சிமிட்டு, சிரி. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் 'பதிவில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை' என்றது. எந்தப் பதிவு? நான் என் ஜென்மத்தில் இப்படி ஒரு போனைப் பார்த்துச் சிரித்ததில்லை. கடைசியில் சூப்பர்வைசர் அம்மா, "தங்குற இடத்துல இருந்து ஒரு லெட்டர் வாங்கிப் போடு, தற்காலிகமா விட்டுடும்" என்றார். ஹாஸ்டல் கடிதத்தைப் போட்டதும் விட்டுவிட்டது.

நான் எப்போதாவது இப்படிப் பதிவு செய்தேனா அக்கா? எனக்கு மறந்திருந்தாலும் உனக்கு ஞாபகம் இருக்குமே.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள வாலு,

உன் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பல் படாதே.

கூடத்தில் வேலை தலைக்கு மேல். ஒரே வாரத்தில் பதினாறு செட். போன வாரம் மேல்வரிசையை ஒருவருக்கும் கீழ்வரிசையை இன்னொருவருக்கும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் இரண்டு நாள் போட்டுக்கொண்டு 'நல்லாத்தான் இருக்கு' என்றார்களாம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

மிஷின்கள் எல்லாம் இப்படித்தான் ஏதாவது உளறும். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உள்ளே விட்டுவிட்டார்கள் அல்லவா, அத்தோடு விடு. தலையை இறுக்க வாரிக்கொண்டு போ, உனக்கு முடி முகத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

சின்னவள் கணக்கில் பாஸாகிவிட்டாள். மாமா அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ சொன்னது சரி, அவர் வாயில் எதுவும் தங்காது. அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுக்கிறேன், பரவாயில்லை. நீ மாடி ஏறாதே, பல்செட்டைக் கீழே கொண்டுவந்து கொடுக்கச் சொல்.

நேராகக் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் முகவரியை யாரிடமாவது சொன்னாயா?

போன வாரம் ஹாஸ்டலுக்கு என் முழுப் பெயரில் ஒரு தபால் வந்தது. ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லி. மறுநாள் மெத்தைக் கம்பெனியிலிருந்து. அதற்கு அடுத்த நாள், 'புதிய ஊரில் புதிய தொடக்கமா? வாழ்த்துகள்' என்று அச்சடித்த ஒரு அட்டை, திரைச்சீலை விற்கிறவர்கள் அனுப்பியது. மூன்று கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் அறை இது. ஒரே ஜன்னல், அதற்கும் பாதிதான் கண்ணாடி. எனக்கு எதற்குத் திரைச்சீலை? பக்கத்துக் கட்டில் நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நான் ஊருக்குப் புதிது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த முகவரி தெரிந்தவர்கள் நீ, ஹாஸ்டல் அம்மா, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். உன்மேல் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன கடிதத்தில் அந்தப் பழைய பதிவைப் பற்றிக் கேட்டேனே, நீ பதில் எழுதவில்லை. யோசித்துப் பார்.

உன் தங்கை


ஏப்ரல் 6

வாலு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட மனசு வரவில்லை. என்னைப் பார்த்து எப்படிக் கேட்டாய்? சின்னவள் தலையில் கை வைத்துச் சொல்கிறேன், ஒரு ஈ காக்கைக்குச் சொல்லவில்லை. உன் கடிதங்களைக் கூடத்தில் மெழுகுப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தார், சின்னவள் போனில் ஏதோ சரிசெய்து கொடுத்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் வரைக்கும் வாரம் தவறாமல் 'எங்கக்கா அவ, எங்கக்கா அவ' என்று வாசலில் நின்றவர். மனசு மாறிவிட்டாரோ என்று மாமா சொல்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு ஏதாவது புரிகிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

கேட்டது தப்புதான், மன்னித்துவிடு. நீ சொல்லவில்லை. இப்போது தெரியும்.

ஹாஸ்டல் ஆபீஸ் போனிலிருந்து அந்தச் சரிபார்ப்புக் கம்பெனியைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பையன் வந்தான். பேசியதை அப்படியே எழுதுகிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே.

"என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன இருக்கு?"

"அதைச் சொல்லணும்னா நீங்கதான் அவங்கன்னு முதல்ல நிரூபிக்கணும் மேடம். முகம் காட்டணும்."

"என் முகம் என் முகம் இல்லேன்னு நீங்கதானே சொல்றீங்க!"

"அப்படின்னா பதிவான நம்பருக்கு ஒரு கோட் அனுப்புவோம். அதைச் சொன்னாப் போதும்."

"எந்த நம்பர்?"

"கடைசி ரெண்டு இலக்கம்தான் சொல்ல முடியும். நாலு, ஏழு. அனுப்பட்டுமா மேடம்?"

வேண்டாம் என்று நான் கத்தியதில் ஹாஸ்டல் அம்மா எழுந்து வந்துவிட்டார். அது என் வீட்டுக்காரர் நம்பர், அக்கா.

பையன் பாவம், பயந்துபோய் இன்னும் கொஞ்சம் சொன்னான். வீட்டு உரிமையாளரோ, வேலை கொடுப்பவரோ, பேங்கோ, யார் சரிபார்க்கச் சொன்னாலும் எல்லாம் ஒரே பதிவில்தான் போய்ச் சேருமாம். நான் போட்ட ஹாஸ்டல் கடிதம் மாதிரி எதிலாவது முகவரி மாறினால் பதிவான நம்பருக்குத் தானாகத் தகவல் போகுமாம். "உங்க பாதுகாப்புக்காக மேடம்" என்றான். கூடவே முப்பத்தெட்டுக் கூட்டாளி நிறுவனங்களுக்கும் போகுமாம். நம் சொந்தக்காரர்களே அத்தனை பேர் இல்லை. காப்பீடும் மெத்தையும் வந்த வழி அதுதான்.

அவருக்கும் தகவல் போயிருக்கும். பார்த்தாரா, நூறு மெசேஜில் ஒன்றாகத் தள்ளிவிட்டாரா, தெரியவில்லை. பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஓடுவதா இருப்பதா என்று புரியவில்லை. ஓடிப் போகிற இடத்திலும் முகத்தைக் காட்டு என்பார்கள். முகவரியைக் கேட்பார்கள். அதுவும் அவர் போனுக்குத்தான் போகும்.

இன்னொன்று. பதிவு செய்த தேதியை அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பதினொன்று.

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னோமே. விழவில்லை அக்கா. கதவு விளிம்பில் வைத்து மோதினார். மணிக்கட்டும் அன்று போனதுதான். எட்டு நாள் இரண்டு கண்ணும் திறக்கவில்லை, உதடு கிழிந்து கிடந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி இடது பக்கம், வலது பக்கம் திரும்பினேன்? எப்படிக் கண் சிமிட்டினேன்?

அந்த வாரம் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நீதான் இருந்தாய். யார் அக்கா சிரித்தது?

தங்கை


மே 9

அக்கா,

பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? கடிதம் வழியில் தொலைந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நேற்று ஹாஸ்டலுக்கு ஒரு போன் வந்தது. பார்சல் இருக்கிறது, இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று ஒரு ஆண் கேட்டாராம். இருக்கிறார் என்று சமையலம்மா சொல்லிவிட்டார். பார்சல் எதுவும் வரவில்லை.

நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டுமாவது ஒரு வரி போடு.

தங்கை


மே 14

வாலு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான்தான்.

நீங்கள் அப்போது பார்த்திருந்த புது வீட்டுக்குக் குடிபோக அந்த வாரத்துக்குள் எல்லோரும் முகம் பதிய வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொல்லியிருந்தார். நீ உள் அறையில் படுத்திருந்தாய். உன் வீட்டுக்காரன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். "அவ இருக்கற நிலைமையில காட்டினா ஏன், என்னன்னு கேள்வி வரும்க்கா. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே இருக்கீங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றான். உன் அடையாள அட்டையில் இருப்பது பதினெட்டு வயதுப் படம். அதில் இருப்பது நீயா நானா என்று அம்மாவே தடுமாறுவாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பச் சொன்னதும் திரும்பினேன். சிரிக்கச் சொன்னதும் சிரித்தேன். ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது.

நீ வழுக்கி விழுந்தாய் என்று நம்பினேன் என்று எழுதலாம். அந்த மூன்று கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். அதனால்தான் கிழித்தேன். கேள்வி வரும் என்று அவன் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வழுக்கி விழுந்தவளைப் பற்றி யார் கேள்வி கேட்டால்தான் என்ன? புரிந்துதான் உட்கார்ந்தேன். உன் குடித்தனம் கலையக் கூடாது, அம்மா தாங்க மாட்டாள், போகப் போகச் சரியாகிவிடும், என்னென்னவோ நினைத்தேன். இப்போது ஒன்றும் நினைவில்லை. பயந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நீ மார்ச்சில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். அன்றே சொல்லியிருந்தால் எது எங்கே போகும் என்று யோசித்து, முன்னமே வேறு இடம் பார்த்திருப்பாய். மிஷின் உளறுகிறது என்று எழுதினேன். அது உளறவில்லை, நான்தான் உளறினேன்.

அந்தப் பதிவை நானே அழிக்கப் போகிறேன். அதில் இருப்பது என் முகம்தானே.

அக்கா


மே 22, வியாழன்

வாலு,

இதை ஆஸ்பத்திரிக்கு, உன் சூப்பர்வைசர் அம்மா பெயருக்கு அனுப்புகிறேன். இன்று போனில் அவரிடம் சொன்னது உனக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. எந்த முகத்தோடு எதிர்பார்ப்பேன்?

இன்று காலை கூடத்தில் மெழுகு வேலை பார்ப்பவளின் போனை வாங்கி அந்தக் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தேன். என் முகத்தைக் காட்டியதும் உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. பதிவை அழிக்க வேண்டும் என்றேன். நாலு, ஏழில் முடியும் நம்பருக்குக் கோட் அனுப்பட்டுமா என்றது. உன் வீட்டுக்காரன் போன் என் கண் முன்னால் இருந்தால்தான் ஆகும் என்று அவளுடைய போனோடு நேராக அவன் கடைக்குப் போனேன். போனுக்கு ஒட்டுகிற கண்ணாடி வேண்டும் என்றேன். அவன் வெட்டிக்கொண்டிருந்தபோது பைக்குள் கையை விட்டுக் கோட் அனுப்பச் சொல்லி அழுத்தினேன். அவன் போன் மேசைமேல்தான் கிடந்தது. வெளிச்சம் வந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். படித்தான், என்னைப் பார்த்தான்.

"இதுக்கு ஏன்க்கா இவ்வளவு கஷ்டம்? கேட்டா நானே குடுத்திருப்பேனே" என்று சிரித்துக்கொண்டே ஆறு இலக்கத்தையும் வாசித்தான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் சொல்லச் சொல்ல அழுத்தினேன். பிறகு தன் போனில் வேறொரு மெசேஜைத் திறந்து காட்டினான். மார்ச் மாதத்தது. உன் ஹாஸ்டல் பெயர், தெரு, எல்லாம் இருந்தது. "கடையை விட்டுட்டு நகர முடியல. இப்பதான் பாத்துக்க ஆள் கிடைச்சுது. நாளைக்குக் காலைல போறேன். நீங்களும் வாங்கக்கா, நீங்க சொன்னா கேப்பா" என்றான். அன்று வீட்டுக்கு வந்தபோது ஏன் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று இப்போது விளங்கியது.

பார்க்கலாம் தம்பி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முட்டியை மறந்து ஓடினேன். எங்கள் கூடத்துப் போனிலிருந்து உன் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன், நாலு பேர் கை மாறிச் சலவைக் கூடத்துக்குப் போயிற்று. "நீங்க யாரு?" என்றார் உன் சூப்பர்வைசர் அம்மா. "அவ அக்கா" என்றேன். "அக்கான்னு யார் வேணாலும் சொல்லலாம். அவ உடம்புல தழும்பு எங்க இருக்கு, சொல்லுங்க" என்றார்.

இடது புருவத்துக்கு மேல, நான்தான் மருந்து வெச்சேன் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவன் நாளைக்கு அங்கே வருவதைச் சொன்னேன். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

பதிவு அழிக்கப்படும் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. தொண்ணூறு நாள் ஆகுமாம். ஏற்கெனவே கூட்டாளிகளுக்குப் போனதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

எங்கே போகிறாய் என்று எனக்கு மட்டும் எழுது. ஊர்ப் பெயர் மட்டுமாவது போதும்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உயிரோடு, கை கால் முழுசாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் போன் வந்த அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் அம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் சலவை வேனில், வெளுத்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து அனுப்பினார். என் வீட்டுக்காரர் பதினொரு மணிக்கு ஹாஸ்டலுக்கு வந்தாராம். வாசலில் அடையாளம் கேட்டார்களாம். காட்டினாராம், எல்லாம் சரியாக இருந்ததாம். கணவர்தான் என்று உள்ளே விட்டுவிட்டார்கள். என் கட்டிலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்தாராம். பக்கத்துக் கட்டில் நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

இப்போது இருக்கும் இடத்தில் யாரும் முகம் கேட்கவில்லை. முகம் கேட்காத இடத்தில் வேலை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. பழகிவிடும்.

உன் கடைசி இரண்டு கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது. உன்மேல் கோபப்பட உட்கார்ந்தால் நீ அந்த முட்டியோடு ஓடியது கண்ணில் வருகிறது. நீதான் காப்பாற்றினாய் என்று நன்றி எழுத உட்கார்ந்தால், உள் அறையில் நான் முனகிக்கொண்டிருக்க, சமையலறையில் நீ போனைப் பார்த்துச் சிரித்தது வருகிறது. இரண்டும் நீதான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. ஒரு மாதமாக முயற்சி செய்கிறேன்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய்.

அந்த எட்டு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் பால் புகட்டினாய். தலையைத் தூக்கிப் பிடித்துக் காயம் துடைத்தாய். என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்க முடியாவிட்டாலும் உன் உள்ளங்கையில் எழுதிக் காட்டியிருப்பேன். நீ கேட்பாய் கேட்பாய் என்று ஒவ்வொரு வேளையும் காத்திருந்தேன். இப்போது கேட்கிறாய். இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

மாதம் ஒரு கடிதம் உன் கூடத்துக்கு வரும். அனுப்பியவர் முகவரி இருக்காது. அது வருகிற வரைக்கும் நான் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

வாலு